பொருந்தலாற்றங்கரையின் முதல் வீடுகள்

கொடைக்கானலின் வரலாற்றை எழுதப் புகுகிற எவரும் 1845ஆம் ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அவ்வாண்டில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்களை அங்கே எழுப்பினார்கள். சற்று நுணுக்கமானவர்கள் இன்னும் கொஞ்சம் பின்னே போவார்கள்: 1821இல் நில அளவைக்காக மலையேறிய லெப்டினண்ட் வார்டு, 1834இல் அடுக்கம் கணவாயின் தலைப்பில் சிறியதொரு பங்களா கட்டிக்கொண்ட மதுரைத் துணை ஆட்சியர் என்று. அதன் பிறகு 1863இல் லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார், 1895இல் செண்பகனூரில் இயேசு சபையார் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினர் என்று கதை தடையின்றி ஓடும். விடுதிகளின் கையேடுகளில் 'மலையின் மிகப் பழைய கட்டடங்கள்' என்ற தலைப்பில் ஓட்டுக்கூரையும் புகைபோக்கியும் கொண்ட படங்களே இருக்கும்.

இதில் பொய் ஒன்றுமில்லை. அந்த இரு பங்களாக்களின் கதையும் சொல்லத் தக்கதே. மதுரைச் சமவெளியில் காலராவும் காய்ச்சலும் மிஷனரிகளின் குடும்பங்களைத் தொடர்ந்து பலிகொண்டன. தப்பிக்க ஓரிடம் தேடி முதலில் 1838இல் சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள். அங்கும் மலேரியா விடவில்லை. அதற்குப் பிறகே பழனி மலையின் மேல்தட்டுக்கு வந்தார்கள். சாவுக்கு அஞ்சிக் கட்டப்பட்டவை அவ்வீடுகள் என்பதை இங்கே குறித்துவைக்க விரும்புகிறேன். ஏனெனில் அதே மலைத்தொடரில் அவற்றுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே எழுந்துவிட்ட கட்டடங்களும் சாவை முன்னிட்டே கட்டப்பட்டவை. வேறுபாடு ஒன்றுதான்: முன்னவை சாகாமல் இருப்பதற்கு, பின்னவை செத்தவர்கள் இருப்பதற்கு.

*

நான் முதன்முதலாக ஒரு கற்திட்டையைப் பார்த்தது தாண்டிக்குடிக்குப் போயிருந்தபோது. வத்தலகுண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி வழியாக ஏறும் பாதை அது. காப்பியும் மிளகும் மலைவாழையும் மண்டிய கீழ்ப்பழனி மலை. முருகன் பழனிக்குப் போகும் வழியில் இங்கிருந்துதான் தாண்டிக் குதித்தான், 'தாண்டிக்குதி'தான் தாண்டிக்குடி ஆயிற்று என்பது ஊரார் சொல்லும் பெயர்க்காரணம். (சொல்லாராய்ச்சி செய்வோர் முகம் சுளிக்கலாம். எனக்கு இந்தக் கதையில் ஒரு பொருள் தெரிகிறது, பின்னால் வருகிறேன்.)

வழிகாட்டியாக வந்தவர் தோட்ட வேலை செய்யும் ஒரு முதியவர். காப்பிச் செடிகளுக்கு நடுவே, மண்ணே இல்லாத வழுக்குப் பாறை ஒன்றின்மேல், நான்கு பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு பெரும் பலகையை மூடியதுபோல் இருந்தது. உள்ளே ஓர் ஆள் குந்தி உட்காரலாம். நிற்க முடியாது.

"பாண்டவுக வீடு தம்பி" என்றார். "வனவாசத்துல இங்க வந்து தங்குனாக."

"அஞ்சு பேரும் இதுக்குள்ளயா தாத்தா?"

"அஞ்சு பேருக்கு அஞ்சு வீடு. அந்தா, இன்னொண்ணு இருக்கு பாருங்க. மத்தது போச்சு."

தமிழ்நாடெங்கும் இந்தக் கட்டடங்களுக்குப் பாண்டவர் வீடு, குள்ளர் வீடு, மோரியர் வீடு, குரக்குப்பட்டடை என்று ஊருக்கொரு பெயர் வழங்குகிறது. பெயர்கள் வேறானாலும் ஒன்றில் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள்: இவை வீடுகள். அளவு சிறியதாக இருப்பதால் குடியிருந்தவர்கள் குள்ளர்களாக இருக்க வேண்டும், அல்லது குரங்குகளாக இருக்க வேண்டும், அல்லது காட்டில் மறைந்து திரிந்த பாண்டவர்களாக இருக்க வேண்டும். யாரும் இவற்றைக் கல்லறை என்று சொல்வதில்லை. தாழிகளுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. முற்காலத்தில் மனிதர்கள் சாகாமல் மூத்துக்கொண்டே போய், சுருங்கிச் சுருங்கிக் குழந்தைபோல் ஆனபின், அவர்களைத் தாழிக்குள் உணவோடு வைத்துவிடுவார்களாம். 'முதுமக்கள் தாழி' என்ற சொல்லே அந்தக் கதையைத் தன்னுள் வைத்திருக்கிறது. இந்த நாட்டார் விளக்கங்களை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் கட்டியவர்களின் எண்ணத்துக்கு ஆய்வாளர்களைக் காட்டிலும் இக்கதைகளே நெருங்கி நிற்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் கட்டியவர்களும் அவற்றை வீடாகத்தான் நினைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

கட்டுமானத்தைக் கவனித்தால் இது விளங்கும். நிலத்துக்கு மேலே நிற்பது கற்திட்டை. குழி தோண்டி நிலத்துக்குள் பலகைக் கற்களை இறக்கி அமைப்பது கற்பதுக்கை. இரண்டிலும் சுவர்க்கற்கள் நான்கும் சும்மா ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்பதில்லை. ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லின் விளிம்பைத் தாண்டி ஒரு புறம் நீண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக வடிவம். சாந்து இல்லை, ஆணி இல்லை. ஒரு கல்லின் சாய்வை மற்றொரு கல் தாங்க, வெளியிலிருந்து மண் எவ்வளவு நெருக்கினாலும் சுவர் உள்ளே விழாது. மேலே மூடுகல், கீழே தளக்கல். பெரிய அறையானால் நடுவே ஒரு குறுக்குக்கல் வைத்து இரண்டாகப் பிரித்திருப்பார்கள். பல இடங்களில் கிழக்குச் சுவரில் வட்டமான ஒரு துளை. தொல்லியலாளர்கள் இதற்கு இடுதுளை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு தலை நுழையும் அளவு துளையை, கெட்டியான மலைப்பாறைப் பலகையில், விரிசல் விடாமல் தட்டித் தட்டி எடுத்திருக்கிறார்கள். இத்தனையையும் சுற்றிக் கல்வட்டம். அறை, தடுப்பு, வாசல், முற்றத்துச் சுற்றுச்சுவர். வீடு என்பதற்கு வேறென்ன வேண்டும்?

உயிரோடிருந்தவர்களின் வீடுகளோ மண்ணும் மரமும் புல்வேய்ந்த கூரையுமாக இருந்து, மக்கி, மண்ணோடு மண்ணாகிவிட்டன. மனிதன் தான் வாழ்ந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு மண் போதும் என்று நினைத்தான்; செத்த பிறகான காலத்துக்குக் கல் கேட்டான்.

*

பழனி மலையின் கற்திட்டைகளை முறையாக ஆராய்ந்து எழுதியவர்கள் இரண்டு பாதிரியார்கள்: செண்பகனூரைச் சேர்ந்த ஆங்கிலாட், அவரோடு நியூட்டன். இந்தியத் தொல்லியல் துறையின் ஆய்வேட்டு வரிசையில் 36ஆம் எண்ணாக 1928இல் அவர்களுடைய நூல் வெளிவந்தது. ஆங்கிலாட் பிரெஞ்சுக்காரர், ஓவியர், மலையின் செடிகொடிகளை வண்ணத்தில் வரைந்து தள்ளியவர். ஒரு பூவின் இதழை எண்ணி வரைந்து பழகிய கண் கற்களின் பக்கம் திரும்பியது தமிழ் வரலாற்றுக்குக் கிடைத்த பேறு. கற்திட்டைகள் தனித்தனியாக அன்றிக் கூட்டம் கூட்டமாக இருப்பதையும், அக்கூட்டங்களைச் சுற்றிக் கல் மதில் அமைந்திருப்பதையும், மண் மூடாத வெறும் பாறைத் தளங்களையே கட்டியவர்கள் தேடிப் பிடித்திருப்பதையும் அந்நூல் பதிவு செய்கிறது. இன்று கலைந்துபோன பல கூட்டங்களின் அமைப்பை அறிய அந்தப் பழைய வரைபடங்களை விட்டால் வழியில்லை.

ஆனால் பாறைமேல் நிற்கும் திட்டையில் ஆய்வாளர்களுக்குக் கிடைப்பது சொற்பம். மூடுமண் இல்லாததால் உள்ளே இருந்ததை மழையும் நரியும் மனிதனும் எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனவே நீண்ட காலம் இந்தக் கட்டடங்கள் பேசாமலே நின்றன. யார் கட்டினார்கள், மலைமேலேயே வாழ்ந்தார்களா, அல்லது சமவெளியிலிருந்து பிணத்தைச் சுமந்து ஏறி வந்தார்களா என்ற கேள்விகளுக்கு ஊகங்களே விடையாக இருந்தன.

2004-2005இல் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் தாண்டிக்குடியில் அகழாய்வு நடந்தது. கற்பதுக்கை, குழி, தாழி எனப் பல வகைப் புதைப்புகளை அங்கே ஒரே ஊரில் கண்டார்கள். சூதுபவள மணிகள் கிடைத்தன. கூடவே வாழ்விடத்தின் தடயமும் கிடைத்தது. மலைமேல் செத்தவர்கள் மலைமேலேயே வாழ்ந்தவர்கள்தாம் என்பது இதனால் உறுதிப்பட்டது. சூதுபவளம் பழனி மலையில் விளையும் கல் அன்று. அது குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்பதே பொதுவான கருத்து. அப்படியானால் கடலிலிருந்தும் ஊர்களிலிருந்தும் ஒதுங்கி, காட்டுக்குள் தேனெடுத்துக் கிழங்கு தோண்டிக் கிடந்த கூட்டம் என்று இவர்களை எண்ண முடியாது. மலையில் விளைவதைக் கொடுத்து வெளியிலிருந்து வருவதை வாங்கியவர்கள்.

இங்கேதான் அந்தத் 'தாண்டிக்குதி' கதைக்கு வருகிறேன். மேற்கே சேரநாட்டுக் கடற்கரை, கிழக்கே மதுரை, வடக்கே கொங்கு. இடையில் மறித்துக்கொண்டு நிற்பது இந்த மலைத்தொடர். பழைய வழிகள் இதைச் சுற்றியும் சென்றன, ஏறி இறங்கியும் சென்றன. ஒரு தெய்வம் இங்கே கால் வைத்து அங்கே குதித்தது என்று சொல்லும் கதை, மனிதர்கள் காலங்காலமாக இங்கே ஏறி அங்கே இறங்கிய வழியை நினைவில் வைத்திருக்கும் ஒரு முறையாக ஏன் இருக்கக்கூடாது? இதற்குச் சான்று கேட்டால் என்னிடம் இல்லை. ஊகம்தான்.

*

இறங்கும் பக்கத்தில் இருக்கிறது பொருந்தல். பழனியிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 12 கிலோமீட்டர். மூன்று புறமும் மலை. அதிலிருந்து இறங்கி வரும் ஆற்றுக்கு ஊரின் பெயரே, பொருந்தலாறு. இப்போது பாலாறு பொருந்தலாறு அணை என்று இரண்டு ஆறுகளின் பெயரையும் சேர்த்து வழங்கும் அணை அதன் நீரைத் தேக்குகிறது. பழனியில் காவடி எடுப்பவர்கள் நீராடும் சண்முகநதியில் சேரும் ஆறுகளுள் இதுவும் ஒன்று. சண்முகநதி அமராவதியில் கலக்கிறது, அமராவதி கரூருக்கு அருகே காவிரியில். அதாவது பொருந்தலில் ஆற்றோடு நடக்கத் தொடங்கினால் சேரர்களின் பழைய தலைநகரில் போய் நிற்கலாம்.

ஊருக்கருகே ஒரு மேடு. பாசிமேடு என்று பெயர். பாசி என்றால் பாசிமணி. நிலத்தைக் கிளறினால் மணிகள் கிடைத்ததால் ஊரார் வைத்த பெயர். ஒரு தொல்லியல் அறிக்கை பல பக்கங்களில் சொல்வதை ஊரார் நான்கெழுத்தில் சொல்லிவிட்டார்கள்! 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் கா. ராஜன் குழுவினர் இங்கே அகழ்ந்தபோது, அந்தப் பெயர் பொய்க்கவில்லை. கண்ணாடி மணிகள் ஆயிரக்கணக்கில் வந்தன. அவற்றை இங்கேயே செய்ததற்கான சான்றும் வந்தது. ஆற்றங்கரையில் உலை வைத்துக் கண்ணாடியை உருக்கி, இழுத்து, நறுக்கி மணியாக்கிய கம்மியர்களின் ஊர் அது.

அவர்களுடைய உலைக்களத்தின் சாம்பல்தான் மேட்டில் கிடைத்தது. அவர்கள் கட்டிய கட்டடத்தைப் பார்க்க மலையடிவாரத்துப் புதைகாட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே கல்வட்டங்களுக்குள் அமைந்த கல்லறைகளில் நான்கை மட்டும் திறந்தார்கள். முதல் கல்லறையில் கிடைத்த மணிகளே ஆயிரக்கணக்கில் இருந்தன. சூதுபவளம் முதலிய கல்மணிகள். நான்கு கால்கள் வைத்த ஒரு சாடி இருந்தது. சாடிக்குள் நெல். ஏறத்தாழ இரண்டு கிலோ.

நான் இந்த நெல்லைப் பற்றி முதலில் படித்த அன்று வேறு எதையும் படிக்கவில்லை. வாய்க்கரிசி என்று இரண்டு மணியைப் பிணத்தின் வாயில் இடும் வழக்கத்தை நம் வீடுகளில் பார்த்தவர்களுக்கு, சாடி நிறைய நெல் வைத்த கை எப்படிப்பட்டது என்பது புரியும். அது சடங்குக்காகக் கிள்ளி வைத்த நெல் அன்று; சமைத்துச் சாப்பிடுவதற்காக வைத்த நெல். வழிக்கு வேண்டியதும் வீட்டுக்கு வேண்டியதும்.

அதே கல்லறையில் பானை வைக்கும் புரிமனைபோன்ற ஒரு மட்கலத்தாங்கி. அதன்மேல் தமிழி எழுத்தில் ஒரு சொல்: 'வய்ர'. வயிரம் என்று பொருள் கொள்ளப்பட்டது. ஓர் ஆளின் பெயராக இருக்கலாம், மணித்தொழிலோடு தொடர்புடைய சொல்லாக இருக்கலாம்.

*

இனிச் சொல்லப்போவதுதான் சண்டைக்கான இடம்.

அந்த நெல்லைக் கரிமக் காலக்கணிப்புக்காக அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள பீட்டா ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கி.மு. 490 என்று விடை வந்தது. இன்னொரு மாதிரிக்கு கி.மு. 450. இந்தியாவில் எழுத்து அசோகன் காலத்தில், அதாவது கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் பிறந்து தெற்கே பரவியது என்று நம்பியவர்களுக்கு இது தூக்கம் கெடுக்கும் செய்தி. அசோகனுக்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன்பு பழனி மலையடிவாரத்தில் ஒரு குயவனோ கம்மியனோ பானையில் பெயர் எழுதியிருக்கிறான் என்றாகிறது. நாளிதழ்கள் கொண்டாடின. ஆனால் தமிழ்க் கல்வெட்டியலில் பழுத்த ஐராவதம் மகாதேவன், எ. சுப்பராயலு போன்றோர் தயங்கினார்கள். எழுத்தின் வடிவம் வளர்ச்சியடைந்த நிலையைக் காட்டுகிறது, சொல்லில் பிராகிருதச் சாயல் இருக்கிறது, ஒன்றிரண்டு அறிவியல் தேதிகளை மட்டும் வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாகாது என்பது அவர்கள் தரப்பு.

அந்தத் தயக்கத்தைத் தமிழ்ப் பகையாகச் சித்தரித்தவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழி எழுத்துகளைப் படிப்பதற்கு வாழ்நாளைக் கொடுத்தவர் மகாதேவன். அவருக்கு நாம் பற்றைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தவிர, இந்தத் தேதிக்குள் பலரும் பேசாத ஒரு சிக்கலும் இருக்கிறது. வளிமண்டலத்திலுள்ள கரிமம்-14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒரே சீராக இருந்ததில்லை. அதனால் ஆய்வகம் தரும் எண்ணை மரவளையங்களின் துணையோடு திருத்திக்கொள்ள வேண்டும். அந்தத் திருத்தும் வளைகோடு கி.மு. 800க்கும் 400க்கும் நடுவே ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது. ஹால்ஸ்டாட் சமதளம் என்று அதற்குப் பெயர். அந்த நானூறு ஆண்டுகளுக்குள் விளைந்த நெல், முன்னே விளைந்ததா பின்னே விளைந்ததா என்று பிரித்துச் சொல்வது மிகக் கடினம். 490 என்ற எண்ணைக் கல்லில் வெட்டிய ஆண்டுபோல் எடுத்துக்கொள்வது தவறு. ஆனால் இதே சிக்கலை மறுபக்கமாகவும் பார்க்க வேண்டும்: நெல்லின் தேதி அந்தச் சமதளத்துக்குள் விழுகிறது என்றாலே அது அசோகனுக்கு முந்தையது என்பதில் தடுமாற்றம் இல்லை. தடுமாற்றம் நெல்லுக்கும் பானைக்கும் உள்ள உறவில்தான். இடுதுளை வைத்த வீடுகள் பின்னாளில் திறக்கப்படக்கூடிய வீடுகள். பாட்டனுக்கு வைத்த நெல்லின் பக்கத்தில் பேரனுக்கு வைத்த தாங்கி நின்றிருக்க முடியாதா? இதை முடிவு செய்ய ஒரு கல்லறை போதாது.

பிறகு வந்த ஆண்டுகளில் இந்த விவாதத்தின் சூடு தணிந்தது. கொடுமணலிலும், 2019இல் அறிக்கை வெளியான கீழடியிலும் கிடைத்த தேதிகள் பொருந்தலைத் தனிமரமாக விடவில்லை. தாமிரபரணிக் கரையில் சிவகளைத் தாழியொன்றில் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டபோது, பொருந்தல் நெல் இளையதாகிவிட்டது. ஆனால் கதவை முதலில் தட்டியது அதுதான்.

*

இந்த ஆற்றங்கரைக்கும் மலைக்கும் சங்கப் பாடல்களில் உள்ள இடத்தைச் சொல்லாமல் விட்டால் இலக்கிய நண்பர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள்.

பழனியின் பழம்பெயர் பொதினி. ஆவியர் குடியின் ஊர். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் அக்குடியைச் சேர்ந்தவன். மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் இருந்த அவனிடம், கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் பரிசில் வேண்டாம், வீட்டுக்குத் திரும்பு என்று கேட்ட பாடல்கள் புறநானூற்றில் தொடர்ச்சியாக இருக்கின்றன. அகநானூற்றின் முதற்பாட்டில் மாமூலனார் இதே பொதினியைச் சொல்லி, அதனோடு ஓர் உவமையையும் வைக்கிறார். சாணை பிடிக்கும் காரோடன் அரக்கோடு சேர்த்துப் பற்றவைத்த கல்லைப்போல நாம் பிரியமாட்டோம் என்று தலைவன் சொன்னானாம். கல்லை இழைத்து மெருகேற்றும் கருவியை உவமையாகச் சொல்லும் பாட்டில் பொதினி வருவதையும், பொதினிக்குப் பக்கத்தில் மணிக்கற்களின் குவியல் கிடைத்ததையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், உவமை எங்கிருந்தோ பறந்து வந்ததாகத் தோன்றவில்லை.

இன்னும் நெருங்கிய தொடர்பொன்று உண்டு. பொருந்தில் இளங்கீரனார் என்று ஒரு புலவர். புறநானூற்றில் ஒன்றும் அகநானூற்றில் இரண்டுமாக மூன்று பாடல்கள் அவர் பெயரில் உள்ளன. பொருந்தில் என்பது இந்தப் பொருந்தலே என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவருடைய புறப்பாட்டு சேரன் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடுவது. அதில் அவர் சொல்வது வியப்பானது: உன்னைப் பாட எங்களால் ஆகாது, கபிலன் இன்று உயிரோடிருந்தால் நன்றாயிருக்குமே என்கிறார். பேகனின் வாசலில் நின்று பாடிய அதே கபிலரை. மலையடிவாரத்தின் ஒரு சிற்றூர்ப் புலவன் செத்துப்போன ஒரு மூத்த புலவனை நினைத்து ஏங்குகிறான். அவன் ஊர்ப் புதைகாட்டில் கல்வீடுகள் அப்போதே இருந்திருக்க வேண்டும். அந்தப் பாட்டில் அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தினமும் பார்த்ததை யார் எழுதுகிறார்கள்?

எழுதியவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள். புறநானூற்றின் 256ஆம் பாட்டில், கணவனை இழந்த ஒருத்தி குயவனை அழைத்து, தாழியை எனக்கும் சேர்த்து அகலமாகச் செய் என்று கேட்கிறாள். வண்டியின் ஆரத்தில் ஒட்டிக்கொண்ட பல்லியைப்போல் அவனோடு கூடவே இந்த வழியெல்லாம் வந்தவள் அவள். மணிமேகலையில் இறந்தவரைச் சுடுவோர், கிடக்க விடுவோர், குழியில் இடுவோர் என்று ஐவகையாரைச் சொல்லும் இடத்தில், தாழ்ந்த இடத்தில் அடைத்து வைப்போரும் தாழியில் கவிப்போரும் தனித்தனியாக வருகிறார்கள். ஆய்வாளர்கள் பதுக்கைக்கும் தாழிக்கும் சான்று காட்டுவது இந்த அடிகளைத்தான்.

மேல்மலையிலோ கோடை என்ற பெயர் நிற்கிறது. பெருந்தலைச் சாத்தனார் பாடிய கடிய நெடுவேட்டுவன் கோடை மலைத் தலைவன். அந்தக் கோடை இன்றைய கொடைக்கானல் மலை என்போர் உண்டு. ஒப்புக்கொண்டால் 1845 இன்னும் சிறிதாகிப்போகிறது.

*

தாண்டிக்குடியில் அந்த முதியவர் "மத்தது போச்சு" என்று சொன்னாரல்லவா? எங்கே போயிற்று என்று திரும்பும்போது கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை; சிறிது தூரம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

புதையல் இருக்கும் என்று பெயர்த்தவர்கள் ஒரு புறம். அவர்களுக்குக் கிடைத்திருக்கக்கூடியது உடைந்த பானையும் துருப்பிடித்த இரும்பும்தான். செடி வைக்க நிலம் திருத்தியவர்கள் மறுபுறம். பலகைக் கல் என்பது மலையில் விலையுள்ள பொருள்: யாரோ முன்பே உடைத்து, ஓரம் திருத்தி, தூக்கிப் போகும் அளவுக்குத் தயாராக வைத்த கல். படியாகும், திண்ணையாகும், துணி துவைக்கும் கல்லாகும். இதற்காகத் தோட்டக்காரர்களை வில்லன்களாக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்களுடைய பாட்டன்மார் கட்டியதாக யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. பாண்டவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீடு என்றுதான் சொன்னார்கள். அரசின் பாதுகாப்புச் சட்டங்கள் 1958இலும் 1966இலும் வந்தன. சட்டம் பட்டியலில் உள்ளதைக் காக்கும். மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு திட்டையும் பட்டியலுக்குள் வந்துவிடவில்லை. பள்ளிப் பிள்ளைகள் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகிறார்கள். ஏரியில் படகு விடுகிறார்கள். செண்பகனூர் அருங்காட்சியகத்தில் பாம்பையும் பட்டாம்பூச்சியையும் பார்க்கிறார்கள். அடுத்த பேழையில் கல்லறைப் பானை இருந்தால் அதன் முன் எத்தனை நிமிடம் நிற்கிறார்கள் என்று ஒருமுறை கணக்கெடுத்தேன். நின்றவர்கள் இருவர். ஒருவர் செல்பேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

முதியவர் காட்டிய இடத்தில் ஓர் ஓடை. காப்பிக் கூடையோடு பெண்கள் கடப்பதற்காக அதன் குறுக்கே நீளமான பலகைக் கல் ஒன்றைப் போட்டிருந்தார்கள். நல்ல பாலம், ஆட்டமில்லை. நான் கீழே இறங்கி ஓரமாகக் குனிந்து பார்த்தேன். கல்லின் ஒரு முனை உடைந்திருந்தது. உடைந்த விளிம்பில் அரைவட்டமாக, கைவைத்தால் வழவழவென்று, ஒரு துளையின் பாதி.

"இது எந்த வீட்டுக் கல்லு தாத்தா?"

"நகுலன் வீடும்பாக" என்றார். பிறகு, பின்னால் கூடையோடு ஒரு பெண் காத்து நிற்பதைக் காட்டி, "தள்ளிக்கங்க தம்பி, ஆத்தா போகட்டும்" என்றார்.